காதில் வைத்த பஞ்சு

கன்னம் வீங்கி வருகிற பிள்ளையைப் பார்த்ததுமே அது பல் வலியா, குளவிக்கடியா, பொன்னுக்கு வீங்கியா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். அந்த வயசுப் பிள்ளைகளிடம் ஒருத்தருக்கு வந்தால் போதும், பெஞ்சு பெஞ்சாகப் பரவிவிடும். ஒருத்தி கடித்த மாங்காயை நாலு பேர் கடிக்கிற கூட்டம் அது.

என் சோதனை ரொம்ப எளிது. தாடை எலும்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். பல் வீக்கம் என்றால் காதுக்குக் கீழே எலும்பின் முனை விரலில் தட்டுப்படும். பொன்னுக்கு வீங்கி என்றால் அந்த முனையே காணாமல் போயிருக்கும், வீக்கம் அதை மூடிக்கொண்டிருக்கும். பின்னால் நின்று பார்த்தால் காது மடலின் நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் புளிப்பு மிட்டாயில் ஒன்றை எடுத்து நீட்டுவேன். நிஜமாக வந்திருந்தால் மிட்டாய் நாக்கில் பட்டதுமே காதடியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்குவார்கள். லீவுக்கு ஆசைப்பட்டுக் கைக்குட்டையைச் சுருட்டிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வந்த ஒரு மகராசி, மிட்டாயையும் வாங்கிச் சப்பிவிட்டு, "இன்னொண்ணு இருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

எனக்கு முதுகில் கண் இருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். கண் இல்லை, காது. போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "ஜன்னலோரம், மூணாவது பெஞ்சு, டிபன் பாக்ஸ மூடு" என்பேன். சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது, யார் வாயிலிருந்து வருகிறது, எல்லாம் அத்துப்படி. இருபது வருஷத்தில் நான் சம்பாதித்த பெரிய சொத்து அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மாசி மாதம் ஆறாம் வகுப்பில் வரிசையாக ஏழெட்டுப் பிள்ளைகளைத் தாடையைத் தடவித் தடவி வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் எலுமிச்சை சாதத்தை ஒரு வாய் வைத்தேன். இடது காதுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நான் மிளகாயைக் கடித்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த டீச்சர் தண்ணீரை நீட்டினார். நான் என் தாடையைத் தடவிப் பார்த்தேன். எலும்பின் முனை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பிள்ளைகளுக்குச் சொன்ன ஜோசியம் எனக்கே பலித்துவிட்டதே என்று சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மகள் வெளியூரில் படிக்கிறாள். கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. மூன்றாவது ஆள் அவருடைய அம்மா, என் அத்தை. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். அத்தை வாசலில் நின்று பால்காரரோடு பேசினால் தெருக்கோடி வீட்டில் கணக்குச் சரியாகத் தெரிந்துவிடும், அப்படி ஒரு தொண்டை.

"என்னா இது, மூஞ்சி பூசணிக்கா கணக்கா இருக்குது?" என்றார் அத்தை.

"பொன்னுக்கு வீங்கி அத்தை. பசங்ககிட்டேர்ந்து ஒட்டிகிச்சு."

"அட கடவுளே, இந்த வயசுலயா? உள்ள வா, உள்ள வா. காத்துல நிக்காத."

காற்று. அத்தையின் வைத்தியம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மனுஷ உடம்புக்கு வருகிற கெடுதல் எல்லாம் காற்றாகத்தான் வரும், அதுவும் காது வழியாகத்தான் நுழையும் என்பது அவர் கட்சி. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காதில் பஞ்சு வைக்கிறது எல்லார் வீட்டிலும் உண்டு, எனக்கும் வைத்தார். ஆனால் அத்தை பஸ் ஏறினால் பஞ்சு, மழை தூறினால் பஞ்சு, கல்யாண வீட்டில் ஏசி போட்டால் பஞ்சு. என் கணவர் சின்ன வயசில் எடுத்த போட்டோக்களில் பாதியில் காதில் பஞ்சோடுதான் நிற்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி நானும் மகளும் அவரை ஓட்டியிருக்கிறோம்.

அன்றைக்கு அத்தை தன் கழுத்துச் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். தங்கம் பட்டால் வீக்கம் அடங்குமாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்னத்தில் தடவினார். பிறகு நல்லெண்ணெய் தொட்ட பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்து, தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். பல் வலிக்காரி வேஷம் போட்டவள் கணக்காக இருந்தேன். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினாள்.

கணவர் மட்டும், "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமா?" என்றார்.

"பொன்னுக்கு வீங்கிக்கு டாக்டரா? அவுங்க என்னா பண்ணுவாங்க, ரெஸ்ட் எடுன்னு சொல்லி அனுப்புவாங்க. அத நானே எடுத்துக்கறேன்" என்றேன். அத்தையும் அதையே சொன்னார். நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் இருந்தது அபூர்வம். அவர் வாயை மூடிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

காய்ச்சல் வந்தது. வலது பக்கமும் வீங்கியது. கஞ்சியை விழுங்கினால்கூடக் காது வரை வலித்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம், பயம் இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் எழுந்து உட்கார்ந்ததும் சுவர் நகர்ந்தது. பீரோ ஒரு பக்கமாகச் சரிந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாந்தி எடுத்தேன். அத்தை ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் ஆயிரம் குறை சொல்லலாம், முகம் சுளிக்காமல் வாந்தியை அள்ளுவதில் குறை சொல்ல முடியாது.

"உப்பு ஒறப்பு இல்லாம கஞ்சியா குடிச்சிகினு கெடந்தா தலை சுத்தத்தான் செய்யும்" என்றார். சரிதானே என்று தோன்றியது. இடது காதுக்குள் குக்கர் விசில் அடிக்கப் போகிற சமயத்து இரைச்சல் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. "வீக்கம் அமுக்குது, வடிஞ்சா சரியாப்பூடும்." அதுவும் சரி. அந்தப் பக்கம் எதுவும் சரியாகக் கேட்கவில்லை அத்தை என்றேன். அதற்கு அவர் சிரித்தே விட்டார்.

"பஞ்ச அடைச்சி வெச்சிருக்கு, எப்புடி கேக்கும்?"

நானும் சிரித்தேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காது கேட்கவில்லை என்கிறேனே என்று என்னையே கேலி செய்துகொண்டேன்.

வீக்கம் வடிந்தது. அத்தை நாள் பார்த்து, வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். அம்மை இறங்கினால் செய்வதுபோலவே செய்தார். பஞ்சை எடுத்து வீசினேன். அப்பாடா என்று இருந்தது. இடது காது இன்னும் அடைத்தபடியே இருந்தது. "தண்ணி பூந்துகிச்சு, குதி" என்றார் அத்தை. நாற்பத்திமூன்று வயசில், ஈரத் தலையோடு, கிணற்றடியில் ஒற்றைக் காலில் குதித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கூடத்தில் அத்தையின் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஃபேன் பழசு, கடக் கடக் என்று ஒரு சத்தம் போடும். அந்தத் தாளத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும். வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். ஃபேன் சத்தம் நின்றது. சீரியல் சத்தமும் நின்றது.

"கரண்ட் போச்சா அத்தை?" என்று கத்தினேன்.

பதில் இல்லை. இந்த வெயிலில் கரண்டை எடுத்துவிட்டார்களே, பாவிகள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. சுவரில் காலண்டர்த் தாள் படபடவென்று ஆடியது. ஆடுவது தெரிந்தது, சத்தம் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற தொண்டை அது. நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். கடக் கடக், சீரியல்காரியின் அழுகை, "கரண்டுலாம் இருக்குதே, என்னா கனவா?" எல்லாம் மொத்தமாக வந்து மோதின. மறுபடி தலையணையில் வலது காதை வைத்தேன். உலகம் அணைந்தது. தூக்கினேன், வந்தது. வைத்தேன், போனது. எத்தனை முறை அப்படிச் செய்தேனோ தெரியாது. அத்தை பயந்துபோய், "என்னாடி ஆச்சு, ஏன் இப்புடி பண்ற?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். இருபத்தி ரெண்டு வருஷத்தில் அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன். பழக்கத்தில் இடது காதில் வைத்தேன். மணி அடிக்கவே இல்லை. திரையைப் பார்த்தால் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. வலது காதுக்கு மாற்றினேன். "ஹலோ, ஹலோ, பேசு, என்னாச்சு?" என்று அவர் பதறிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து அழுகைதான் வந்தது.

அவர் வேலை செய்யும் இடத்தில் இயந்திர இரைச்சல் ஜாஸ்தி என்பதால் வருஷா வருஷம் எல்லோருக்கும் காது சோதிப்பார்கள். அதனால் அவருக்கு இது விளையாட்டு இல்லை என்று உடனே தெரிந்தது. பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு வந்தார். கடலூரிலேயே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். டாக்டர் விளக்கை வைத்துக் காதுக்குள் நெடுநேரம் பார்த்தார். அழுக்கு, தண்ணீர், பஞ்சுத் துணுக்கு, சீழ், ஏதாவது ஒன்று இருக்கிறது என்று சொல்லமாட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காது ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார்.

சுத்தமாக இருக்கிறது என்ற சொல் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "எந்த நாள்லேர்ந்து கேக்கல?" என்று அடுத்துக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. தலை சுற்றின அன்றா, அதற்கு முன்னாலா, பின்னாலா? பஞ்சுக்குப் பின்னால் எது எப்போது நின்றது என்று யாருக்குத் தெரியும்? மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுநாளே சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்.

காலையில் பஸ் ஏறினோம். சிப்காட் தாண்டுகிற வரைக்கும் அந்த வழக்கமான மருந்து நெடி. சிதம்பரத்தில் இறங்கி அண்ணாமலை நகர்ப் பக்கம் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் ஹாரன் சத்தம். ஒவ்வொன்றும் வலது பக்கத்திலிருந்தே வருகிறது என்று நினைத்து வலது பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் உரசிக்கொண்டு ஒரு லாரி போனபோது உயிரே போய்விட்டது.

சோதனை அறை ஒரு சின்னக் கூண்டு. தடித்த கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் இயந்திரத்தோடு ஒரு இளம்பெண். தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் எவ்ளோ சின்னதா கேட்டாலும் அமுக்குங்க மேடம். மொதல்ல ரைட்டு." வலது காதில் கூக் கூக் என்று குருவிக் குரலாக வந்தது. வரவர மெலிந்தது. மெலிய மெலிய நான் விடாமல் அமுக்கினேன். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் திமிர் எனக்கு அப்போதும் இருந்தது.

"இப்ப லெப்ட்டு. ரைட்டுல மழை பேயுற மாரி ஒரு எரைச்சல் வரும், அதுக்கு அமுக்காதீங்க. லெப்ட்டுல சத்தம் வந்தா மட்டும் அமுக்குங்க" என்றாள்.

வலது காதில் மழை ஆரம்பித்தது. கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகினாள், எதையோ எழுதினாள். மிஷினைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். மூச்சுச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். வந்ததும் முதல் சத்தத்தையே பிடித்துவிட வேண்டும். அவள் திருகினாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள். மழை நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்து என் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

"முடிஞ்சிடுச்சு மேடம்."

"லெப்ட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேம்மா?" என்றேன்.

அவள் திறந்த கதவுக்கு வெளியே நின்றிருந்த என் கணவரைப் பார்த்தாள்.

அங்கிருந்த டாக்டர் நிதானமானவர். பொன்னுக்கு வீங்கியில் எப்போதாவது சிலருக்கு இப்படி ஒரு காது போய்விடும் என்றார். வீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உள்ளே நரம்பு இருக்கிற இடத்தையே கிருமி கெடுத்துவிடும், திடீரென்று தலை சுற்றி வாந்தி வந்தது பாருங்கள், அது காதின் வேலைதான் என்றார். இருபது வருஷமாகத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்கு அரை விரல் மேலே இருக்கிற காதைப் பற்றி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருப்போம். திரும்பியிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா வந்திருக்கணும்." இனிமேல் திரும்புமா என்று கேட்டதற்கு, "நம்பிக்கை வெச்சிக்க வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். கையில் காபி. முந்தானையில், எனக்குத் தெரியும், பஞ்சை முடிந்து வைத்திருப்பார். "பஸ்ல காத்து ஜாஸ்தியா இருந்துதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்காரம்.

"உங்க பஞ்சாலதான் அத்தை! என் காதே போச்சு! நீங்க அத அடைச்சி வெக்காம இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்! இப்ப நிம்மதியா?"

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன். கணவர், "ஏய், அப்படி சொல்லலயே அவுரு" என்றார். அத்தை காபியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எனக்கும் அவருக்கும் சாப்பாடு, துணி, கேஸ் சிலிண்டர், இதைத் தாண்டிப் பேச்சு இல்லை. பால்காரரிடம் பேசுகிற சத்தமும் தெருவில் கேட்கவில்லை. வாசலில் மெதுவாகப் பேசினார்.

பள்ளிக்கூடம் போனேன். போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் குசுகுசுவென்று சத்தம். "ஜன்னலோரம், வாய மூடு" என்றேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பினால் ஜன்னலோரத்துப் பிள்ளைகள் பாவமாக விழித்துக்கொண்டிருந்தார்கள், பேசினது மறுகோடி. எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்தது. இரண்டு மூன்று நாள் சமாளித்துப் பார்த்தேன், பிறகு சொல்லிவிட்டேன். "மிஸ்ஸுக்கு லெப்ட்டு காது கேக்காது. ஏதாவது சொல்லணும்னா இந்தப் பக்கம் வாங்க." முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "பொன்னுக்கு வீங்கினாலயா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத் தன் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் பொத்திப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் தாடையைத் தடவின பிறகு, ஒவ்வொரு காதுக்கும் பக்கத்தில் விரலைத் தேய்த்துக் கேட்கிறதா என்று விசாரிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். வலது பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தேன். சத்தமே இல்லாமல் தூங்க வேண்டுமென்றால் அதுதான் வழி, ஒரு லாபம் அவ்வளவுதான். எதிரே பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி. கட்டில் லேசாக அமுங்கியது. கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில், என் முதுகுக்குப் பின்னால் அத்தை உட்கார்ந்திருந்தார். நான் முழித்திருப்பதை அவர் பார்க்கவில்லை. அவர் பார்வை என் காதின் மேலேயே இருந்தது.

குனிந்தார். என் இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தார். பேச ஆரம்பித்தார். கண்ணாடியில் அவர் உதடு அசைந்தது, மூச்சு என் காதில் சுடச்சுடப் பட்டது. ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அது கேட்காத காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் இத்தனை நாளும் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துதான் கூப்பிடுவார். பேசிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி குனிந்து பேசினார். நான் கத்தின கத்தலுக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் சொல்கிறாரா, திட்டுகிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா? தலையை ஒரு விரற்கடை தூக்கினால் போதும், தலையணையில் கிடக்கிற வலது காது திறந்துகொள்ளும்.

தூக்கினேன்.

அத்தை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணியும் இல்லம்மா," என்றார், "ஃபேன் காத்து ஜாஸ்தியா இருக்குதோன்னு பாத்தேன்."